முன்பு ரிம், இப்போது எண்

1990-களின் நடுவில் ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய ரிம் விற்ற கடைகளில் விலைச்சீட்டு கிடையாது. ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்த அலாய் ரிம்கள் நான்கு நான்காகக் கயிற்றில் கட்டப்பட்டு, ஷட்டரின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்கப்பட்டிருக்கும். சில கட்டுகளில் மூன்றுதான் இருக்கும். நான்காவதை யாரும் விசாரிப்பதில்லை. வாங்க வருகிறவர் காரைக் கடை வாசலிலேயே நிறுத்துவார். கடைப் பையன் ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வருவான். துளைக் கணக்கு பொருந்துகிற கட்டிலிருந்து ஒரு ரிம்மை மட்டும் உருவி ஹப்பில் மாட்டி, இரண்டு நட்டைக் கையால் முடுக்கி, சுற்றிப் பார்ப்பான். இடித்தால் அடுத்த கட்டு. இடிக்கவில்லை என்றால் பேரம் தொடங்கும்.

இன்று துபாய் அல் கூஸில் அதே வியாபாரம் ஏ.சி. அறையில் நடக்கிறது. சுவரில் மாதிரிக்கு ஏழெட்டு ரிம்கள் தொங்குகின்றன. அவை விற்பனைக்கு அல்ல. கார் வாசலில் நிற்க வேண்டும் என்றுகூட இல்லை. மேஜையில் ஒரு படிவம்: விட்டம், அகலம், பி.சி.டி., ஆஃப்செட், நடுத்துளை. அந்த எண்களை நிரப்பி முன்பணம் கட்டினால், எங்கோ ஒரு பட்டறையில் ஃபோர்ஜ் செய்த அலுமினிய வட்டு ஒன்று அந்த எண்களுக்கே கடையப்பட்டுச் சில வாரங்களில் அட்டைப்பெட்டியில் வந்து சேரும்.

அன்று ரிம் கண்முன் இருந்தது, அதன் எண்ணைப் பிறகு தேடினோம். இன்று எண்ணைச் சொன்ன பிறகுதான் ரிம் உருவாகிறது. ஸ்போர்ட்ஸ் காருக்கு வெளியில் ரிம் வாங்கும் பழக்கத்தில் இந்த முப்பது ஆண்டுகளில் நேர்ந்த மற்ற மாற்றங்களில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைத்தவைதான்.

மற்ற எண்களைப் பலரும் அறிவார்கள். ஆஃப்செட்தான் குழப்பும். ரிம்மை நிறுத்திவைத்து அதன் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஹப்போடு ஒட்டி உட்காரும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறதோ அதுதான் ஆஃப்செட். முகம் தெருப் பக்கம் தள்ளியிருந்தால் கூட்டல் எண், வண்டியின் உள்பக்கம் தள்ளியிருந்தால் கழித்தல் எண். கூட்டல் எண் குறையக் குறையச் சக்கரம் மட்கார்டை நோக்கி வெளியே வரும். எண் கூடினால் உள்ளே போய் ஷாக் அப்சார்பரை உரசப் பார்க்கும். ஸ்போர்ட்ஸ் காரில் இரு பக்கமும் இடம் விரல் அகலத்துக்கு மேல் இருக்காது. அதனால்தான் குடும்பக் காருக்கு ரிம் மாற்றுகிறவர் கவலைப்படாத எண்ணுக்காக, இரண்டு கதவு வண்டிக்காரர் இரண்டு வாரம் அலைகிறார்.

பழைய கடைகளில் இந்த எண் ரிம்மின் பின்புறம் ஸ்போக்கில் வார்க்கப்பட்டிருக்கும்; பிரேக் தூசிக்கு அடியில் பெரும்பாலும் தெரியாது. தெரியாத இடத்தில் இரும்பு ஸ்கேல் வரும். ரிம்மைக் குப்புறக் கவிழ்த்து, பின் விளிம்பின் மேல் ஒரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, இன்னொரு ஸ்கேலை அதிலிருந்து ஹப் முகம் வரை செங்குத்தாக இறக்குவார்கள். 8 இன்ச் ரிம் என்றால் டயர் உட்காரும் இடம்தான் 8 இன்ச். விளிம்போடு விளிம்பு அளந்தால் ஏறத்தாழ 9 இன்ச். அதில் பாதி நாலரை இன்ச், அதாவது 114.3 மி.மீ. செங்குத்து ஸ்கேல் 145 மி.மீ. காட்டினால், பாதியைக் கழித்து, ஆஃப்செட் 30 என்று சாக்பீஸால் ரிம்மில் எழுதுவார்கள். (பல டொயோட்டா, நிசான் ரிம்களில் ஐந்து ஸ்டட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமான பி.சி.டி.யும் அதே 114.3 தான். அதுவும் நாலரை இன்ச் என்ற பழைய அளவிலிருந்து வந்தது. இந்த இரண்டு 114.3-ஐயும் ஒன்றோடொன்று குழப்பிக்கொண்டவர்களைக் கடைகளில் அடிக்கடி பார்க்கலாம்.) எழுத்துக் கணக்கு எதுவும் கிடையாது. கழித்தல் மனக்கணக்கில் நடக்கும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பிசகும். அந்தப் பிசகை யாரும் பொருட்படுத்தியதில்லை, எப்படியும் மாட்டிப் பார்க்கத்தானே போகிறோம்.

அந்தக் காலத்து எண்களே சாதுவானவை. 1989-ல் வந்த நிசான் 300 இசட்.எக்ஸ். காருக்குக் கம்பெனி கொடுத்தது 16 இன்ச் ரிம். முன்பக்கம் ஏழரை இன்ச் அகலம், ஆஃப்செட் 45. டர்போ வண்டிக்குப் பின்பக்கம் எட்டரை இன்ச், அதே 45. டயர் முன்னால் 225/50, பின்னால் 245/45. 2002-ல் வந்த 350 இசட்டின் 18 இன்ச் வகையில் முன் ரிம் 8 இன்ச் அகலம், ஆஃப்செட் 30. இன்றைய நிசான் இசட்டின் உயர் வகை 19 இன்ச்சில் நிற்கிறது. முன்னால் 255/40, பின்னால் 275/35. ஒரே பெயர் வழியில் விட்டம் மூன்று இன்ச் ஏறிவிட்டது. ஆனால் டயரின் பக்கச்சுவரை அளந்தால் 300 இசட்.எக்ஸ். முன் டயரில் 112 மி.மீ., இன்றைய இசட்டில் 102 மி.மீ. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர்தான். கம்பெனிக்காரர்கள் ரிம்மோடு முழுச் சக்கரத்தையும் பெரிதாக்கினார்கள், ரப்பரைத் தின்னவில்லை. ரப்பரைத் தின்றது நாம்தான். 19 இருந்த இடத்தில் 20-ஐப் போட்டு 255/30 டயர் ஏற்றும்போது பக்கச்சுவர் 76 மி.மீ.க்கு இறங்கிவிடுகிறது. வளைகுடாவில் சாலை நல்ல சாலைதான். ஆனால் பள்ளிக்கூடத் தெருக்களின் வேகத்தடையும் பார்க்கிங் ஓரக் கல்லும் எந்த எமிரேட்டிலும் தளர்வதில்லை.

300 இசட்.எக்ஸ்., 350 இசட் இரண்டுக்கும் பி.சி.டி. ஒன்று, நடுத்துளையும் ஒரே 66.1 மி.மீ. எனவே 350 இசட் வாங்கியவர் கம்பெனி ரிம்மைக் கழற்றி விற்றதும், பழைய 300 இசட்.எக்ஸ். வைத்திருந்தவர் அதை வாங்கிக்கொள்ள முடிந்தது. எண் கணக்குப்படி அந்த ரிம் பழைய வண்டியில் வெளிப்பக்கம் 21 மி.மீ. கூடுதலாக வரும், உள்பக்கம் 9 மி.மீ. விலகிக்கொள்ளும். மட்கார்டு விளிம்பை உள்ளே மடித்தால் நிற்கும். ஒருவர் கழித்தது இன்னொருவருக்குப் புதிதானது. ரிம்கள் கைமாறிக்கொண்டே இருந்தன: ஷார்ஜாவில் வாங்கியது அபுதாபி முசஃபாவில் விற்கப்படும், அங்கிருந்து அல் ஐன் போகும், ஒரு வருடம் கழித்து அதே கீறலோடு ஷார்ஜாவுக்கே திரும்பி வரும். கத்தாரில் தோஹா இண்டஸ்ட்ரியல் ஏரியா, குவைத்தில் ஷுவைக், பஹ்ரைனில் சல்மாபாத் என்று ஒவ்வொரு நாட்டிலும் இப்படி ஒரு தெரு இருந்தது.

மாட்டிப் பார்ப்பதிலும் ஒரு முறை இருந்தது. அதை எனக்குக் காட்டியவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. முதலில் ரிம்மை டயர் இல்லாமல் மாட்டுவார். ஸ்போக்கின் உள்பக்கத்துக்கும் பிரேக் காலிப்பருக்கும் நடுவே விரலை நுழைப்பதில்லை. சிகரெட் பெட்டி அட்டையை நான்காக மடித்து நுழைப்பார். அட்டை சிக்காமல் ஒரு சுற்று வந்தால் சரி. ஆஃப்செட் மிகச் சரியாக இருந்தும் ஸ்போக் உள்பக்கம் வளைந்திருந்ததால் பிரெம்போ காலிப்பரில் உட்கார மறுத்த ரிம்கள் உண்டு. ஸ்போக்கின் வளைவு எந்த எண்ணிலும் எழுதப்படுவதில்லை. பிறகு டயர் ஏற்றி மாட்டி, மட்கார்டின் உள்விளிம்பிலும் பிளாஸ்டிக் லைனரிலும் சாக்பீஸைத் தேய்ப்பார். பின் சீட்டில் இரண்டு பேரை உட்காரவைப்பார். ஸ்போர்ட்ஸ் காரின் பின் சீட்டு உட்காரவே ஆகாது. பையன்கள் கால்களை மடக்கிக்கொண்டு திணறுவார்கள். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, வேகத்தடையில் சாய்வாக ஏற்றி இறக்கி, திரும்பி வந்து டார்ச் அடித்துப் பார்ப்பார். சாக்பீஸ் அழிந்த இடம்தான் டயர் உரசிய இடம். எத்தனை மில்லிமீட்டர் என்று அவர் சொன்னதில்லை. “கொஞ்சம் உள்ள போவணும்” என்பார், அல்லது “ஒரு அஞ்சு வெளிய தள்ளணும்” என்பார்.

வெளியே தள்ளுவதற்கு ஸ்பேசர் இருந்தது. 3, 5, 10 மி.மீ. அலுமினியத் தட்டுகள், அவசரத்துக்கு லேத் பட்டறையில் கடைந்தவையும் ஓடின. ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே தட்டு நுழைந்தால் ஸ்டட்டில் நட்டு பிடிக்கும் நீளம் அந்த அளவு குறையும். நிசான் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25, டொயோட்டாவுக்கு அதே 12, ஆனால் 1.5. ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது நட்டு ஏறிப் பிடிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. நட்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று எண்ணித்தான் அது பார்க்கப்பட்டது. எண்ணாமல் விட்டவர்களும் இருந்தார்கள். டொயோட்டா கம்பெனி அலாயின் தட்டை வாஷர் நட்டை, கூம்புக் குழி உள்ள வெளி ரிம்மில் முடுக்கிக்கொண்டு போனவர்களும் இருந்தார்கள். அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போது இந்தப் பக்கத்தை மறைப்பது நியாயமில்லை.

நடுத்துளையும் அப்படியே. வெளி ரிம்கள் எல்லா வண்டிக்கும் பொருந்த வேண்டும் என்று நடுத்துளையைப் பெரிதாக, 73 மி.மீ. போல, விட்டுவிடுவார்கள். நிசான் ஹப் பெரும்பாலும் 66.1, டொயோட்டா 60.1. மிச்ச இடைவெளியை ஒரு வளையம் நிரப்ப வேண்டும். வளையம் போடாமல் நட்டின் கூம்பை மட்டும் நம்பி முடுக்கினால் சக்கரம் ஒரு மயிரிழை மையம் தவறி உட்காரும். ஊருக்குள் தெரியாது. அபுதாபி சாலையில் 110-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கும். பாதிப் பேர் பேலன்சிங் தப்பு என்று டயர்க் கடைக்குத் திரும்பிப் போவார்கள். பிளாஸ்டிக் வளையம் போட்டால் ஆகஸ்ட் வெயிலும் பிரேக் சூடும் சேர்ந்து ஓரிரண்டு வருடத்தில் அதை இளக்கிவிடும். தெரிந்தவர்கள் அலுமினிய வளையம்தான் கேட்பார்கள்.

இன்று அந்த நடுக்கம் பெரும்பாலும் போய்விட்டது. ஆர்டர் செய்து வரும் ரிம்மில் நடுத்துளை அந்த வண்டியின் ஹப் அளவுக்கே கடையப்பட்டு வருகிறது, வளையமே தேவையில்லை. நட்டு முடுக்க டார்க் ரெஞ்ச் ஒவ்வொரு நல்ல கடையிலும் இருக்கிறது. நிசானுக்கு 108 நியூட்டன் மீட்டர், பல டொயோட்டாக்களுக்கு 103 என்று பையன் பார்த்துத்தான் முடுக்குகிறான். முன்பு நாலு மூலைக் குழாய் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதித்தார்கள். டயரை ரிம்மிலிருந்து நெம்பி எடுத்த கடப்பாரைத் தழும்பு அந்தக் காலத்து ரிம் விளிம்பு எல்லாவற்றிலும் உண்டு. இன்றைய இயந்திரம் விளிம்பைத் தொடாமலே கழற்றுகிறது. விளிம்பில் கவ்விய ஈயக் கட்டிகள் ரிம்மின் உள்முகத்தில் ஒட்டும் வில்லைகளாகிவிட்டன. ஜூலை மாதத்தில் அவை பசை விட்டு விழுவது வேறு விஷயம்.

டயரிலும் ஒரு தெளிவு வந்தது. 2000-க்கு முன்பு டயரின் பக்கச்சுவரில் தயாரித்த நாள் மூன்று இலக்கமாக இருந்தது. 298 என்றிருந்தால் 29-ஆம் வாரம், எட்டில் முடியும் ஆண்டு. அது 1998-ஆ, 1988-ஆ என்பது கடைக்காரரின் மனசாட்சியைப் பொறுத்தது. 2000-இலிருந்து நான்கு இலக்கம். வாரமும் ஆண்டும் ஐயமின்றித் தெரிகின்றன. நிழலில் 45 டிகிரி தாண்டும் ஊரில், தார்ச்சாலை அதற்கும் மேல் இருபது டிகிரி கொதிக்கும்போது, பத்து வருடப் பழைய ரப்பரில் 140 போவது என்ன என்பதை வளைகுடாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2017 போக்குவரத்து விதிகளில் காலாவதி டயருக்கு 500 திர்ஹாம் அபராதம், நான்கு கரும்புள்ளி, வண்டி ஒரு வாரம் முடக்கம். அனுமதியின்றி இன்ஜினையோ சேஸியையோ மாற்றினால் 1000 திர்ஹாம், 12 கரும்புள்ளி, 30 நாள் முடக்கம். டயர் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றால் வருடாந்தரப் பரிசோதனையான பாஸிங்கில் திருப்பி அனுப்புவார்கள். அன்று பாஸிங் நாளுக்கு முன் கம்பெனி ரிம்மை மாட்டிக்கொண்டு போய், மறுநாள் கழற்றுவது ஊர் வழக்கம். இன்றும் அந்த வழக்கம் சுத்தமாக நின்றுவிடவில்லை. ஆனால் எண் சரியாகத் தேர்ந்தவருக்கு அந்த அவசியமே வருவதில்லை.

எண்ணின் துல்லியம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதற்கு டொயோட்டா ஜி.ஆர். 86 நல்ல உதாரணம். கம்பெனி ரிம் 18 இன்ச் விட்டம், ஏழரை இன்ச் அகலம், ஆஃப்செட் 48, டயர் 215/40. இளைஞர்கள் அதற்கு ஒன்பதரை இன்ச் அகல ரிம் போடுவார்கள். அகலம் இரண்டு இன்ச் கூடுவதால் உள்ளும் வெளியும் 25.4 மி.மீ. வீதம் கூடுகிறது. ஆஃப்செட்டை 48-லிருந்து 40-க்கு இறக்கினால் வெளிப்பக்கம் இன்னொரு 8 சேர்ந்து 33.4 மி.மீ.; உள்பக்கம் 8 கழிந்து 17.4 மி.மீ. செல்பேசியில் எண்களைத் தட்டினால் இந்த விடை படத்தோடு வந்து நிற்கிறது. அண்ணாச்சி ஒரு மதியம் முழுக்கச் செய்த வேலையின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிட்டது. தோராயமாகத்தான். லைனர் எங்கே வளைகிறது, வண்டி எவ்வளவு தாழ்த்தப்பட்டிருக்கிறது, சக்கரத்தின் சாய்வு (கேம்பர்) எத்தனை டிகிரி, ஒரே அளவு அச்சிட்ட டயரிலும் கம்பெனிக்குக் கம்பெனி தோள் எவ்வளவு அகலம் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இல்லை.

இதில் இழப்பு எங்கே என்றால், எண் தவறினால் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதில்தான். அன்று பிடிக்காத ரிம்மை அடுக்கிலேயே திரும்ப வைத்தோம். பணம் கைமாறும் முன்பே தவறு தெரிந்துவிடும். இன்று உங்கள் எண்ணுக்குக் கடைந்த ரிம் உங்கள் வண்டி வகையைத் தவிர வேறு எதற்கும் எளிதில் பொருந்தாது. ரிம்கள் கைமாறிய பழைய வட்டமும் சுருங்கிவிட்டது. 1993-ல் வந்த சுப்ராவுக்கு ஐந்து ஸ்டட், 114.3, நடுத்துளை 60.1. 2019-ல் அதே பெயரில் வந்த சுப்ரா பி.எம்.டபிள்யூ.வோடு சேர்ந்து செய்தது, பி.சி.டி. 112, நடுத்துளை 66.6, நட்டுக்குப் பதில் போல்ட். அப்பாவின் சுப்ரா ரிம்மை மகனின் சுப்ராவில் போட வழியில்லை. டயர் அழுத்த சென்சார், முன்பின் சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டுக்கொண்டே ஓடும் கணினி என்று பிறவும் குறுக்கே வந்துவிட்டன. நிசான் ஜி.டி.-ஆர். போன்ற நான்கு சக்கர இயக்க வண்டியில் முன் சக்கரத்தின் மொத்த விட்டத்தை மட்டும் மாற்றினால் அந்தக் கணினி குழம்பும். அந்த வண்டியின் கம்பெனி ரிம்மைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன்: டயர் உட்காரும் இடத்தில் கையால் தடவினால் சொரசொரப்பு தெரியும். இழுவை வேகத்தில் டயர் ரிம்மின் மேல் வழுக்கிவிடாமல் இருக்கச் செதுக்கியது. முன்பக்கம் 20 இன்ச், ஒன்பதரை அகலம், ஆஃப்செட் 45. பின்பக்கம் பத்தரை, 25. அழகுக்காக அதைக் கழற்றிவிட்டு வழுவழுப்பான ரிம் போடுகிறவர் இந்தச் செதுக்கலைக் கவனிப்பதில்லை.

இரண்டாவது இழப்பு கொஞ்சம் நுட்பமானது. அன்று ஆஃப்செட் என்பது இடிக்குமா இடிக்காதா என்ற கேள்வி. இன்று அது அழகின் எண். மட்கார்டின் விளிம்பும் ரிம்மின் முகமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும் என்பது இப்போதைய ஆசை; அந்தக் கோட்டை நோக்கி எண் தேர்வாகிறது. சக்கரத்தை வெளியே தள்ளுவதால் வண்டி ஓடும் விதம் மாறுகிறது என்பதை யாரும் மேஜையில் பேசுவதில்லை. ஸ்டியரிங் திரும்பும் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை வண்டி வடிவமைத்தவர்கள் பார்த்துப் பார்த்து வைத்திருப்பார்கள். ஆஃப்செட் 15 குறைந்தால் அந்தத் தூரம் 15 நகர்கிறது. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் மணலில் இறங்கும்போது பிரேக் அடித்தால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். மணல் படர்ந்த ஓரங்கள் உள்ள இந்த ஊரில் அது ஏட்டுச் சங்கதி அல்ல. ஹப் பேரிங்கின் மேல் சுமை நெம்புகோல்போல் நீள்கிறது. பழைய கடைக்காரர்களும் இதைக் கணக்காகச் சொன்னவர்கள் இல்லை. ஆனால் வண்டியை அவர்களே ஓட்டிப் பார்த்தார்கள், “கை இழுக்குது” என்று இறங்கினார்கள். ஓட்டிப் பார்க்காமல் விற்பது புதிது.

பந்தயக்காரர்கள் இந்தக் கோட்டைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. 2025 ஜனவரியில் துபாய் ஆட்டோட்ரோமில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் நடிகர் அஜித் குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, அதைப் பார்க்க வந்த தமிழர் கூட்டத்தில் பலரும் காருக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அந்த போர்ஷே 911 கப் காரில் இருப்பது 18 இன்ச் ரிம், நடுவில் ஒற்றை நட்டு. அதே தலைமுறை 911 ஜி.டி.3-ஐத் தெருவுக்கு விற்கும்போது கம்பெனி கொடுப்பது அதைவிடப் பெரிய ரிம். பந்தயத்துக்குச் சிறிது, ஷேக் சாயித் சாலைக்குப் பெரிது. எடையும் அப்படித்தான். ஜப்பானின் ரேய்ஸ் (Rays) கம்பெனி 1996-ல் கொண்டுவந்த டி.இ.37 ரிம்மின் பெயரில் உள்ள 37, 15 இன்ச் அளவில் அதன் எடை 3.7 கிலோ என்பதால் வந்தது. ஷார்ஜாவில் அன்று அழுக்கோடு கிடந்த டி.இ.37 பெரும்பாலும் அசல். இன்று பளபளப்பாகப் புதுப் பெட்டியில் கிடைக்கிற அதே ஆறு ஸ்போக் ரிம் பல நேரம் நகல், வார்ப்பு, எடையும் கூடுதல். பின்புறம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும் ஒரு சக்கரம் தாங்கும் கிலோவும் வார்க்கப்பட்டிருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்கிறவர்கள் குறைவு. புகைப்படத்தில் முன்முகம் மட்டும்தான் தெரிகிறது.

காசைப் பொறுத்தவரை ஒன்று சொல்ல வேண்டும். 1996-ல் ஒரு திர்ஹாம் ஊருக்கு அனுப்பினால் ஏறத்தாழ ஒன்பதரை ரூபாய். இன்று 23-ஐத் தாண்டிவிட்டது. திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருப்பதால் ஜப்பான், ஜெர்மன் ரிம்மின் விலை இங்கே சம்பளம் வாங்குகிறவருக்குப் பெரிதாக எகிறவில்லை, ஊர்க் கணக்கில் பார்த்தால்தான் மலைப்பு. அன்று ரிம் கடையில் வேலை பார்த்த நம் ஆட்கள் ரிம் வாங்கியதில்லை. கழற்றி மாட்டினார்கள், அவ்வளவுதான். இன்று ஜி.ஆர். 86 வைத்திருக்கிற தமிழ்ப் பையன்களை வார இறுதியில் அல் கூஸில் சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்களில் சிலரின் அப்பாக்கள் அந்தக் கடைகளில் ஜாக்கி தள்ளியவர்கள். 2022 ஜனவரியில் அமீரகக் கூட்டரசின் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிய பிறகு, ஜும்மா முடிந்து வெள்ளி மாலையில் ஷார்ஜா ரிம் கடைகளில் கூடிய கூட்டமும் பிரிந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விட்டது.

கடைக்காரர்களும் சும்மா இல்லை. மாட்டிப் பார்க்காமல் கொடுத்த ரிம்கள் திரும்பி வந்து சண்டையானதில், இப்போது நல்ல கடைகளில் அளவுக்கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். ஹப்பில் மாட்டும் அலுமினியக் கை. அகலமும் ஆஃப்செட்டும் திருகி மாற்றலாம். அதை மாட்டி ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தால், பிறக்காத ரிம் எங்கே இடிக்கும் என்று முன்கூட்டியே தெரிகிறது. அதைத் திருகுவது பெரும்பாலும் இளைய தலைமுறை. எனக்குத் தெரிந்த ஒரு கடையில் மட்டும், தலை நரைத்துவிட்ட அண்ணாச்சிதான் இன்னும் திருகுகிறார். போன மாதம் அங்கே ஒரு பையன் ஜி.ஆர். 86-க்கு ஒன்பதரை இன்ச், ஆஃப்செட் 35 என்று எழுதிக்கொண்டு வந்திருந்தான்.

“35 எதுக்கு தம்பி?”

“வெளிய கரெக்டா கோட்டுல நிக்கும் அண்ணாச்சி.”

அண்ணாச்சி கருவியை 35-இல் வைத்தார், ஸ்டியரிங்கை ஒடித்தார், மட்கார்டு விளிம்பைக் காட்டினார். பிறகு 40-க்குத் திருகினார். உள்பக்கம் ஷாக் அப்சார்பருக்கு இடம் மிச்சம் இருந்தது.

“40-ன்னு போடு. பத்தலேன்னா நாளைக்கு அஞ்சு மில்லி ஸ்பேசர் போட்டு 35 ஆக்கிக்கலாம். 35-ன்னு வந்துட்டா உள்ள இழுக்க என்ட்ட ஒண்ணும் கெடயாது.”

“ஸ்பேசரா?” என்று பையன் முகத்தைச் சுளித்தான். அவன் தலைமுறைக்கு அது கெட்ட வார்த்தை. ஹப் அளவுக்குக் கடைந்த ஸ்பேசர், நீளமான ஸ்டட், டார்க் ரெஞ்ச் என்று அண்ணாச்சி ஒவ்வொன்றாகச் சொல்லி, நட்டு எத்தனை சுற்று ஏற வேண்டும் என்பதையும் சொன்னார். பையன் செல்பேசியைத் திரும்ப எடுத்து 40-ஐத் தட்டிப் பார்த்துக்கொண்டான். படிவத்தில் 35-ஐ அடித்துவிட்டு 40 என்று எழுதி, முன்பணம் கட்டினான். ரிம் வர எட்டு வாரம் ஆகும் என்றார்கள்.